முப்பத்தொன்றாம் கேள்வி

சால்மியா. பள்ளி உள்ளரங்கில்
கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே எண்பது மேசை.
யோசிக்கத் தெரிகிறதா என்று பார்க்கும் தேர்வாம்,
கல்லூரிக்காரர்கள் கேட்கிறார்கள்.
பாடப்புத்தகம் கிடையாது. அதனால்
டியூஷன் இரண்டு மடங்கு.

கண்காணிக்க ஆள் குறைவு, என்னையும் நிறுத்தினார்கள்.
தாளைப் படிக்கக் கூடாது என்றார்கள்.
தலைகீழாகத்தான் படித்தேன்,
ஜெனிட்டாவின் மேசையருகே, எழுத்துக்கூட்டி:

புழுதிப்புயல் அடித்தால் பள்ளிப் பேருந்து ஓடாது.
இன்று பேருந்து ஓடவில்லை.
எனவே இன்று புழுதிப்புயல்.
இந்த முடிவு சரியா?

சரி என்று வட்டத்தைக் கறுப்பாக்கினாள்.
பென்சிலை வைத்தாள். எடுத்தாள்.

ஏழு வருஷமாய்ப் பள்ளிப் பேருந்தில் ஆயா நான்.
டிரைவர் யூனுஸ்கானின் இகாமா முடிந்த அன்று
வானம் கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி இருந்தது.
பேருந்து ஓடவில்லை.
மூன்று மாதச் சம்பளம் வராமல்
எல்லாரும் சாவியை மேசையில் வைத்த அன்றும்
நல்ல வெயில்.

சொல்லலாமா?
சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.
அவளுக்கு அது கடினமான கேள்வி.
எனக்குப் போன வருஷம்.

அழிப்பான் துகள்கள் என் செருப்புப் பக்கம் உருண்டன.
அழித்தது முப்பத்தொன்றையா, முப்பதையா
தெரியவில்லை. அதற்குள் மணி.
தாள்களை எண்ணி, உறையிலிட்டு, அரக்கு வைத்தாயிற்று.

வாசலில் அவள் அப்பா கார்க் கதவைத் திறந்து பிடித்தபடி
"ஈஸியா இருந்துச்சா?" என்றார்.
"யோசிச்சேன்ப்பா."

நான் நிறுத்தத்தில் நிற்கிறேன்.
நாற்பது நிமிடமாகிறது,
தெளிந்த வானம்.