இருதரப்பும் கேட்கப்பட்டது

இரண்டாம் ஞாயிறு, மாலை ஐந்தரை.
அஸ்தம்பட்டியில் மேகவர்ணா டாக்டரின் பல் மருத்துவமனை.
நோயாளிகள் வராத நாள்.
நாங்கள் ஏழு பேர், ஆளுக்கொரு ஜெராக்ஸ் கட்டு,
நடுவில் தட்டுவடை செட்.
கிராம்புத் தைல வாசனையோடு
பூண்டுச் சட்னி மல்லுக்கு நிற்கும்.

இந்த மாதம் கிரேக்க நாடகம்.
மன்னன் ஒரு பிணத்துக்குத் தடை போடுகிறான்:
அழக் கூடாது, புதைக்கக் கூடாது,
நாய்க்கும் கழுகுக்கும் விட்டுவிட வேண்டும்.
செத்தவனின் தங்கை கைப்பிடி மண்ணோடு போகிறாள்.

பாத்திரம் பிரித்தார்கள்.
மன்னன் எனக்கு என்று ஜவ்வரிசி மில் குழந்தைவேலு
முதலிலேயே பல் நாற்காலியில் ஏறிக்கொண்டார்.
தங்கையை டாக்டரே எடுத்துக்கொண்டார்.
தூதன் மாதையனுக்கு.
கோரஸ் யாருக்கும் வேண்டாம்.
"பதினஞ்சு கிழவங்க சேர்ந்து பேசறதாம்.
சௌந்தரி மேடம், நீங்கதான் நிதானமாப் படிப்பீங்க."

பதினைந்து கிழவர்களுக்கு நான் ஒருத்தி.
தாலுகா ஆபீஸில் இருபத்திரண்டு வருடம்;
பழக்கமான குரல்தான் அது.
மன்னன் பேசினால் அவன் பக்கம் ஒரு தலையாட்டல்,
மகன் பேசினால் அவன் பக்கம் ஒன்று,
நடுவே தெய்வங்களைப் பற்றி நீளமாக ஒரு பாட்டு.
எங்கள் கோப்பில் இதையே ஒரு வரியில் எழுதுவோம்.

பாதியில் கரண்ட் போனது.
சாய்ந்த நாற்காலி சாய்ந்தபடியே நின்றுவிட,
குழந்தைவேலு செல்போனை நெற்றிக்கு மேல் பிடித்து
மல்லாந்து கிடந்து ஆணை பிறப்பித்தார்.
சிரித்துச் சிரித்து ரஹ்மத் அக்காவுக்குப் புரையேறியது.

"இந்த நாடகத்துல சாவு மேடையில நடக்காது" என்றார் டாக்டர்.
"எல்லாம் உள்ளே. ஒருத்தன் வந்து சொல்வான், அவ்வளவுதான்."

சொல்ல வேண்டியவர் மாதையன்.
அமரர் ஊர்தி ஓட்டுகிறவர். ஐந்து மாதமாய் வருகிறார்,
வாசிப்பதைத் தவிர வாய் திறந்ததில்லை.
அவருடைய பக்கம் வந்தது.
அவர் காகிதத்தைப் பார்க்கவில்லை.

"ஐப்பசி மாசங்க. மழை.
மேற்கால ஒரு ஊரு, பேரு வேண்டாம்.
வண்டியில ஒரு அம்மா.
சுடுகாட்டுக்கு அந்தத் தெரு வழியாத்தான் போகணும்.
போகக்கூடாதுன்னு குறுக்க டிராக்டர நிறுத்திட்டாங்க.
தாசில்தார் வராரு வராருன்னாங்க.
அஞ்சு மணி நேரம். டீசல் எரிஞ்சுக்கிட்டே இருக்கு.
அந்தம்மா மக, கண்ணாடியில விழுற மழையத்
துடைச்சுக்கிட்டே நின்னுச்சு.
உள்ள இருந்து இல்லீங்க. வெளிய இருந்து."

யாரோ தட்டுவடையைக் கடித்தார்கள்;
இருட்டில் அந்தச் சத்தம் பெரிதாக இருந்தது.
"அப்புறம்?" என்றது நாற்காலி.

"ஆர்டர் வந்துச்சுங்க.
ஓடை வழியா எடுத்துட்டுப் போகச் சொல்லி.
ஓடையில இடுப்பளவு தண்ணி."

அந்த ஆர்டரை எனக்குத் தெரியும்.
டைப் அடித்தது நான்.
'இருதரப்பும் கேட்கப்பட்டது.
பொது அமைதி கருதி மாற்றுப் பாதை…'
'மாற்றுப்'பில் ஒற்று விட்டுப்போய்
மறுபடி ஒரு பிரதி எடுத்தேன்.
பிரிண்டரில் மை தீர்ந்திருந்தது.
அதற்கு ஒரு இருபது நிமிடம்.

"அடுத்து கோரஸ்" என்றார் டாக்டர்.
வாசித்தேன்.
நிதானமாகத்தான் வாசித்தேன்.

கலையும்போது எட்டரை. ஏற்காட்டு மலையில்
வளைவு வளைவாக வண்டி விளக்குகள் இறங்கிக்கொண்டிருந்தன.
பஸ் வரவில்லை. மாதையன் தன் மொபட்டில் ஏறச் சொன்னார்.
ஐந்து ரோடு சிக்னலில் சிவப்பு, எழுபத்தெட்டு நொடி.
அத்தனை நொடியும் அவர் முதுகைப் பார்த்திருந்தேன்;
கிழிந்த காலரை வேறு நிற நூலால் தைத்திருந்தது.
மூன்று என்று காட்டும்போது
"அந்த ஆர்டர்…" என்றேன்.
பச்சை. பின்னால் லாரி அலறியது.

ஜங்ஷன் ரோட்டில் வேகம் குறைந்ததும் கேட்டார்:
"என்னமோ சொன்னீங்களே மேடம்?"

மருந்துக்கடை தாண்டி நிறுத்துங்க என்றேன்.