ஒன்பதாம் கேள்வி

பன்னிரண்டு வயதில் எடுத்த அறிக்கை
இனிச் செல்லாதாம்.
மீனுக்குப் போல அதற்கும் ஒரு தேதி.
புதிதாக நிரூபிக்க நானூற்றைம்பது பவுண்டு.
பீட்டர்ஹெட் ஏலக்கூடத்தில்
அப்பா ஐஸ் வாரிய இரவுகளில் அது எத்தனை என்று
நான் கணக்குப் பார்க்கவில்லை.

அபர்டீனில், ஹீட்டர் முனகும் அறையில்
திருமதி கெடிஸ்
அர்த்தமே இல்லாத சொற்களை நீட்டினார்.
ஊகிக்க வழியில்லை.
முன்வரி பின்வரி பிடித்துத் தொங்கவும் வழியில்லை.
பத்தொன்பது வருடம் சேர்த்த தந்திரமெல்லாம்
வெளியே, என் நனைந்த கோட்டோடு
ஆணியில் தொங்கியது.
திக்கினேன்.
ஸ்டாப்வாட்சின் மேல் அவர் கட்டைவிரல்.
வெட்கம் ஒரு பக்கம்,
போதுமான அளவு திக்கினேனா என்ற பயம் ஒரு பக்கம்.

படிவத்தில் ஒன்பதாம் கேள்வி:
குடும்பத்தில் வேறு யாருக்கேனும்?

கடையில் மெனு வந்தால் அப்பா சொல்வார்:
“மூக்குக்கண்ணாடிய மறந்துட்டேன் மோர்வன், நீயே படி.”
எங்கள் வீட்டில்
யாருக்கும் மூக்குக்கண்ணாடி கிடையாது.
ஒரு வரி படிப்பேன், மூன்று வரி இட்டுக்கட்டுவேன்.
கடைசியில் இருவருக்கும்
வறுத்த ஹாடக்கும் சிப்ஸும்தான்.

‘தெரியாது’ என்ற கட்டத்தில் டிக் போட்டேன்.

மார்ச்சில் கடிதம் வந்தது.
மணிக்குப் பதினைந்து நிமிடம் கூடுதல்.
“அதை வச்சு என்ன பண்ணுவ?”
“படிப்பேன்பா. மெதுவா.”

கையை இரண்டு முறை கழுவித் துடைத்துவிட்டு
தாளை வாங்கினார்.
முதல் வரியின் அடியில் விரலை வைத்தார்.

கெட்டில் கொதித்து, தானாக அணைந்தது.
நான் நேரம் பார்க்கவில்லை.