குளவிக்குச் சிவப்பு தெரியாது

முதலில் பார்த்தது கோகிலவாணி.
துணி காயப்போடப் போனவள்
ஈரச் சிலுவாரோடு அப்படியே திரும்பி வந்தாள்.
"பெலிம்பிங் மரத்துல யாரோ
மண்டையைத் தொங்க விட்டிருக்காங்க."

மண்டைதான்.
காதில்லை, கண்ணில்லை,
அடியில் ஒரே ஒரு வாய்.
அதில் போகிறவையும் வருகிறவையும்
ஏழு மணிக்கு ஷிப்ட் மாறும்
பாயான் லெப்பாஸ் கேட் மாதிரி
ஒன்றையொன்று இடிக்காமல்.

மரத்தின் அடி தியோ வீட்டில்.
கிளை எங்கள் வீட்டில்.
கிளை எங்களுடையது, பழமும் எங்களுடையது என்று
ஒன்பது வருடம் பறித்துத் தின்றாயிற்று.
வேலிக்கு மேலே தலையை நீட்டி
தியோ மெதுவாகச் சொன்னார்:
"கிளை உங்களோடதுதானே."

ஒரு வாரம் காலுறைகள் ஹாலில்,
காற்றாடிக்குக் கீழே காய்ந்தன.
எட்டாம் நாள் எனக்கு ரோஷம் வந்தது.
மழைக்கோட்டு, மோட்டார் ஹெல்மெட்,
கையில் பூச்சி மருந்துப் புட்டி.
நாலடி தூரம் போயிருப்பேன்.
முழங்கையில் ஒன்றே ஒன்று.
புட்டி இன்னும் வாழைக்கன்றின் பக்கத்தில் கிடக்கிறது.

கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும்
என்பார் தமிழ்ப் பள்ளி வாத்தியார்,
ரோத்தானைத் தடவிக்கொண்டே.
ஆறு வருடம் கொட்டினார்.
நான் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன்.

பொதுத் தற்காப்புப் படைக்குப் போன் போட்டோம்.
"பகலில் பாதிப் பேர் வெளியே இருப்பாங்க.
ராத்திரி எல்லாரும் வீட்டுக்கு வந்த பிறகு வர்றோம்."
குளவிகளைத்தான் சொன்னாள் அந்தப் பெண்.
அவளேதான் வந்தாள். பெயர் ரோஸ்னானி.
ஏணியை ஹபிசுடின் பிடிக்க
வெள்ளை அங்கிக்குள் ஏறினாள்.

விளக்கை அணைக்கச் சொன்னார்கள்.
ஒவ்வொரு வீடாக லோரோங் இருண்டது.
கோகிலவாணி சாமி விளக்கைக்
கையால் மறைத்துக்கொண்டு நின்றாள்.
தியோ வீட்டு வாசலில் மட்டும்
சாமிமேடையின் சிவப்பு பல்பு.
அதை அணைத்ததில்லை, அணைக்கவும் மாட்டார்.
"பரவாயில்லை அங்கிள்,
குளவிக்குச் சிவப்பு தெரியாது" என்றாள் ரோஸ்னானி.
அவள் நெற்றி விளக்கிலும்
சிவப்புத் தாள் ஒட்டியிருந்தது.

இவ்வளவு ஆர்ப்பாட்டத்துக்கு
முடிந்தது பத்து நிமிஷத்தில்.
வாயில் மருந்து, பிறகு சாக்கு,
பிறகு ரம்பம் நாலு இழுப்பு.
சாக்குக்குள் முதலில் மோட்டார் சத்தம்.
பிறகு பழைய மோட்டார்.
பிறகு ஒன்றுமில்லை.

முனைக் கூண்டின் காவலாளி தேக் பகதூர்
கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து கேட்டான்:
"எனக்குத் தர்றீங்களா? எங்க மலையில வறுப்போம்."
காலை ஏழுக்குத்தான் அவனுக்கு வேலை முடியும்.
அதுவரை சாக்கு எங்கள் வாசலில்.
"சத்தம் கேட்டா பயப்படாதீங்க.
பெருசுங்க செத்தாச்சு.
குஞ்சுங்க சாப்பாடு கேக்கும்" என்று
ரோஸ்னானி வண்டியில் ஏறினாள்.

கேட்டன.
இரண்டு மணிக்கு, சன்னல் வழியாக,
தீப்பெட்டியை நகத்தால் சுரண்டுவது போல.
அறையறையாகச் சுவரைச் சுரண்டினால்
யாராவது ஊட்ட வருவார்களாம்.
கோகிலவாணி எழுந்து உட்கார்ந்திருந்தாள்.
"எவ்வளவு நேரம் கேக்கும்?"
தெரியலை என்றேன்.
"நீ கேட்டிருக்கணும்."
சாக்கின் மேல் பழைய போர்வையைப் போட்டுவிட்டு வந்தேன்.
போர்த்தினேனா, அமுக்கினேனா, அவள் கேட்கவில்லை.

மறுநாள் மாலை ஒரு மைலோ டின் வந்தது,
மிளகாயும் உப்பும் போட்டு வறுத்தது.
ஒன்று தின்றேன். கச்சான் ருசி.
முழங்கை இன்னும் இறங்கவில்லை.
தியோ இரண்டு தின்று மூன்றாவதைக் கேட்டார்.

அவள் தொடவில்லை.
அன்றைக்கே துணி காயப்போட்டாள்,
ஒரு வாரத் துணி.
கிளை அறுந்த இடத்தில் ஏழெட்டு குளவிகள்
எங்கிருந்தோ வேலை முடிந்து வந்து
வெறும் காற்றில் உட்காரப் பார்த்தன.
அவளும் அந்த இடத்துக்கு வரும்போது
தலையைக் குனிந்துகொண்டுதான் போனாள்,
வாளியை இடுப்பில் இடுக்கியபடி.