ஏழாவது கேள்வி

யாரையும் நிறுத்தப் போவதில்லை என்றார் டெல்பர்ட்.
எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் குறைத்துக்கொள்வோம்.
சலவை அறையில் பதினோரு பேர்,
நன்றி சொல்வதா வேண்டாமா என்று தெரியாமல்
துண்டு மடித்துக்கொண்டிருந்தோம்.

நாற்பது மணி நேரம் இருபத்திரண்டு ஆயிற்று.
நவம்பரில் டுலூத்துக்கு யார் வருவார்கள்,
ஏரியே கரையை விட்டு ஓடப் பார்க்கிற மாதத்தில்?
உறங்க ஆளில்லாத விடுதியில்
வெளுக்கிறவளுக்கு என்ன வேலை?

பன்னிரண்டரைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள்.
இரண்டுங்கெட்டான் நேரம்.
சாப்பிட்டால் மதியம் தீர்ந்துவிடும்,
சாப்பிடாவிட்டால் தீரவே தீராது.
தபால்காரர் என்னை வாசலில் பார்த்து
உடம்புக்கு என்ன என்கிறார்.

வேலை போனவர்களுக்குத்தான் உதவித்தொகை
என்று நினைத்திருந்தேன்.
காகித ஆலை மூடியபோது
அப்பாவுக்கு முழுசாகப் போயிற்று.
துக்க வீட்டுக்கு வருவதுபோல
பக்கத்து வீட்டார் மூடிய பாத்திரங்களோடு வந்தார்கள்.
பதினெட்டு மணி நேரம் செத்ததற்கு
யார் கிழங்கு வேகவைத்துக் கொண்டுவருவார்கள்?

ஹோதன்தான் சொன்னாள்,
இஸ்திரி எந்திரத்தின் இரைச்சலுக்கு மேல் கத்தி:
குறைந்தாலும் கேட்கலாம், மார்லிஸ்!
ஒரு கோடு போட்டிருக்கிறார்கள்.
சம்பளம் அதற்குக் கீழே இருந்தால்
மிச்சத்தில் கொஞ்சம் தருவார்கள்.
அவள் போன குளிர்காலமே கேட்டு வாங்கியிருக்கிறாள்.
என்னிடம் சொல்லத்தான் கூச்சப்பட்டிருக்கிறாள்.

ஞாயிறுதோறும் திரையில் ஏழு கேள்விகள்.
வேலை செய்யக்கூடிய நிலையில் இருந்தீர்களா? இருந்தேன்.
அழைத்தால் போகத் தயாராக இருந்தீர்களா?
இருந்தேன் என்றுதான் நினைக்கிறேன்,
ஆனால் நினைப்பதற்கு அங்கே கட்டம் இல்லை.
எத்தனை மணி நேரம், பிடித்தத்துக்கு முன் எவ்வளவு ஊதியம்?
சம்பளச் சீட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு
சென்ட் பிசகாமல் தட்டினேன்.
ஏழாவது:
இந்த வாரம் கிடைத்த வேலை எதையாவது மறுத்தீர்களா?

வியாழக்கிழமை.
கால்வாய் ஓரம் நின்றிருந்தேன், காகிதக் கோப்பையில் காபி.
மணி அடித்துப் பாலம் மேலே ஏறியது.
இரும்புத் தாது ஏற்றிய கப்பல்.
முகம் ஏரிக்குள் போன பிறகும்
வால் துறைமுகத்தை விட மனமில்லாமல் கிடந்தது,
அவ்வளவு நீளம்.
ஐம்பத்து மூன்று வயதாகிறது.
வேலைநாள் மதியத்தில் நான் பார்த்த முதல் கப்பல்.
கோட்டுப் பையில் போன் அதிர்ந்தது.
கல்யாண விருந்து மேசைவிரிப்புகள், ஒயின் கறை,
வந்தால் இரண்டு மணி நேரம் உண்டு
என்று பிறகு செய்தியில் கேட்டேன்.
அப்போது அது தெரியாது.
டெல்பர்ட் என்று மட்டும் தெரியும்.
அதிரட்டும் என்று விட்டேன்.

எடுக்காதது மறுத்ததாகுமா?
ஆம், இல்லை.
இரண்டே வட்டம்.
ஹோதனைக் கூப்பிட்டுக் கேட்டேன்.
இல்லை என்று போடு, யார் பார்த்தார்கள், என்றாள்.
அப்புறம் குழந்தையை யாரிடமோ கொடுத்துவிட்டு வந்து
அந்த விரிப்புகளை நான்தான் வெளுத்தேன் என்றாள்.
அந்த இரண்டு மணி நேரத்தில்
நாலு டாலர் கோட்டைத் தாண்டிவிட்டது.
இந்த வாரம் எனக்கு ஒன்றும் வராது.
கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை.
வெயில் இல்லை என்பதுபோலச் சொன்னாள்.

ஆம் என்பதை அழுத்தினேன்.
காரணம் எழுத ஒரு பெட்டி திறந்தது.
பல் வலி என்று எழுதி அழித்தேன்.
சிக்னல் இல்லை என்று எழுதி அழித்தேன்.
கடைசியில்:
போன் அடித்தது. எடுக்கவில்லை.
கப்பல் போய்க்கொண்டிருந்தது.

இன்னும் இருநூறு எழுத்துக்கு
இடம் இருக்கிறது என்றது திரை.