மற்றவை

நகரி. ஆஸ்பத்திரியில் என்னுடையது மூன்றாவது ஜன்னல்.
கண்ணாடியில் கையகலத்துக்கு ஒரு ஓட்டை.
அதன் வழியே பணம் வரும், ரசீது போகும்,
சில நாள் இருமல் வரும்.

சி.டி. மிஷின் படுத்துப் பதினோரு நாள்.
பெங்களூரிலிருந்து ஏதோ பாகம் வரணுமாம்.
அதனால்தான் டாக்டர் ரங்காரெட்டி
தான் படித்த காலத்து வித்தையைத் தூசி தட்டினார்:
தொண்டையை மரக்கவைத்து ஒரு மெல்லிய குழாய்,
குழாய் வழியே மூச்சுப் பாதைக்குள் மருந்து.
கண்ணுக்கு வெறும் தண்ணீர்,
படத்தில் சுண்ணாம்பு.
புரட்டிப் புரட்டிப் படுக்கவைத்து எக்ஸ்ரே.

ப்ராங்கோகிராம் என்று அடித்தேன்.
மேமோகிராமா என்று கேட்டது கம்ப்யூட்டர்.
இல்லை என்றேன்.
அப்படியொன்று எந்த வரியிலும் இல்லை என்றது அது.

பீரோவின் அடித்தட்டில் பழைய கட்டணப் புத்தகம்,
ஓரமெல்லாம் கரையான்.
அதில் இருந்தது:
ஒரு பக்க நுரையீரல் ஆயிரத்து எண்ணூறு,
இரு பக்கமும் இரண்டாயிரத்து எழுநூறு.
இரண்டாவது பக்கம் எப்போதும் பாதி விலை.
படம் பார்த்துச் சொல்ல நானூறு, தனி.

தேசம்மா. வயது ஐம்பத்திரண்டு.
வீடு பொதட்டூர்பேட்டை, வேலை இங்கே
விசைத்தறிக் கொட்டகையில் தார் சுற்றுவது.
காப்பீட்டு அட்டையை ஓட்டைக்குள் நீட்டினாள்.
அட்டை அந்த மாநிலம்.
நெஞ்சிலிருக்கும் பஞ்சு இந்த மாநிலம்.
செல்லாதும்மா என்றேன்.
"அங்க போனா, நோவு இங்க வந்ததுங்கறான்.
இங்க வந்தா, அட்டை அங்க வாங்கினதுங்கற."
கோபமில்லை. விலாசம் சொல்வது போலச் சொன்னாள்.

சீட்டில் 'இருபுறம்' என்று டாக்டரின் கிறுக்கல்.
இரண்டாயிரத்து எழுநூறு, மேலே நானூறு என்றேன்.
அப்போதுதான் கேட்டாள்:
"வலது பக்கம் ஊத்தினதை
அப்பவே இருமித் துப்பிட்டேனேம்மா.
கிண்ணத்துல இருக்கு, போய்ப் பாரு.
திருப்பிக் குடுத்ததுக்கும் காசா?"

எக்ஸ்ரே ஜிலானிக்குப் போன் போட்டேன்.
"ஆமாக்கா, வலது பாதியிலேயே போச்சு.
என் சட்டை பூரா அந்த மருந்துதான்."

இரு பக்கம் போட்டால் சீட்டுப்படி சரி.
ஒரு பக்கம் போட்டால் உள்ளே ஊற்றியது பொய்யாகும்.
முக்கால்வாசிப் பக்கத்துக்கு விலை இல்லை.
கழித்துப் போட மேனேஜரின் பாஸ்வேர்டு வேண்டும்,
அவர் திருத்தணியில், மைத்துனர் வீட்டு நிச்சயதார்த்தம்.

அவள் அதற்குள் உறையிலிருந்து படத்தை உருவி
என் தலைக்கு மேலிருந்த ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்தாள்.
நானும் எழுந்து நின்று பார்த்தேன்,
கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து, தலைகீழாக அல்ல,
இடம் வலம் மாறி.
வெள்ளை இழைகள். பிரிந்து, மறுபடி பிரிந்து,
மெலிந்துகொண்டே போகிறவை.
கீழ்மூலையில் மட்டும் மெலியாமல்
தடித்து, பை பையாய்த் தேங்கி.

"முடிச்சு விழுந்திருக்கு," என்றாள்.
விரல் சரியாக அங்கேதான் இருந்தது.
"இத அவுக்க முடியாது.
வெட்டிட்டு மேல கட்டணும்."

டாக்டரின் ரிப்போர்ட் என் கையில் இருந்தது.
இங்கிலீஷில் மூன்று வரி, நானூறு ரூபாய்.
அதையேதான் சொல்லியிருந்தார்.

வரிசை எண் ஆறு, மற்றவை.
அதில் அடித்தேன்: ஒரு பக்கம், ஆயிரத்து எண்ணூறு.
நானூறை எடுக்க என்னால் முடியவில்லை,
அது டாக்டர் கணக்கு.
முடிச்சிட்ட துணியிலிருந்து எண்ணிக் கொடுத்தாள்,
நூறுகளுக்கு நடுவே பஞ்சுத்தூள்.
படத்தைச் சுருட்டக்கூடாது என்றேன்.
"பாவைச் சுருட்டலாம், இதை மாட்டேன்," என்று
மார்போடு நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு
பள்ளிப்பட்டு ஆட்டோவில் ஏறினாள்.

ஆறு மணிக்குக் கணக்கு முடித்தேன்.
தொள்ளாயிரம் உதைத்தது.
'குறைவுக்குக் காரணம்' என்று ஒரு கட்டம்,
காலியாக விட்டால் நகராது.
அடித்தேன்:
நோயாளி திருப்பிக் கொடுத்துவிட்டார்.