நாலுக்கு ஒன்று

சுருலேரேயில் மின்சாரம் போய்
ஜெனரேட்டர் இருமிக்கொண்டிருக்கும் இரவு.

தமுனோவின் பேஸ் கிட்டார்
ஒரு சுரத்தில் கத்துகிறது,
அடுத்ததில் வாய்க்குள்ளேயே முனகுகிறது.
கம்ப்ரஸரைத் திருகுகிறாள் எபியேரே:
நாலுக்கு ஒன்று.
முள் ஆறு டெசிபல் பின்வாங்குகிறது.

மேட்டை வெட்டியாயிற்று.
மொத்தத்தையும் தூக்கிவிடுகிறாள்;
கூடவே ஏறி வருகின்றன
நாற்காலியின் கிரீச், அவன் மூக்குறிஞ்சல்,
பிறகு
கிட்டாரின் கழுத்தில் உலோகம் தட்டும்
சின்ன டிக்.

நிறுத்தி, பின்னுக்கு ஓட்டி, மறுபடி.
டிக்.

இடக்கை. மோதிர விரல்.
விற்றுவிட்டேன் என்றானே,
பிரிந்த வாரமே, வாடகைக்காக,
அவள் போட்டுவிட்டதை.

டிரம்ஸ் சேர்ந்தால் யாருக்கும் கேட்காது.

விடிய இரண்டு மணி நேரம்தான்.
ஜெனரேட்டரில் டீசல் கொஞ்சம்.
டிரம்ஸை இன்னும் சேர்க்கவில்லை.