அம்பது குடுத்திருக்கேன்

கொடைக்கானலில் கிளம்பி மன்னவனூர் போகும்
முதல் வண்டிக்கு நான் நடத்துநர்.
வளைவுகளின் கணக்கு உடம்புக்குத் தெரியும்.
நோட்டுகளின் கணக்குதான் தவறியது.

நூறு ரூபாய் ஊதாவாம்.
எனக்கு நூறும் ஐந்நூறும் ஒரே சாம்பல்.
இருபதும் இருநூறும்
ஒரே மஞ்சளில் நனைந்து கிடந்தன.
டிப்போவில் குறைந்ததை என் பையிலிருந்து வைத்தேன்,
தையிலிருந்து ஆனி வரை.
ஆடிக்குப் பிறகு குறையவே இல்லை.
கை பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

மூடுபனி என்றேன் கேட்டவர்களிடம்.
எதிரே வரும் லாரியின் விளக்கைச் சுற்றி
முள் முளைத்திருந்ததை யாரிடமும் சொல்லவில்லை.
டிரைவர் சூசைமாணிக்கம்தான் ஒருநாள் கேட்டார்,
"ஊருக்கே வெயிலடிக்குது,
உனக்கு மட்டும் ஏன்யா எப்பவும் மார்கழி?"

சோறு தின்கையில் புரையேறினால்
யாரோ நினைக்கிறார்கள் என்று
உச்சந்தலையில் தட்டுகிறோம்.
கண்ணில் புரை ஏறினால்
யார் வந்து எங்கே தட்டுவது?

பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டார்கள்.
பலகையில் முதல் வரி தெரிந்தது.
மற்றதை, முன்னால் நின்றவர் படித்ததைக் கேட்டு
மனப்பாடமாய் ஒப்பித்தேன்.
டாக்டர் நிலோஃபர் ஒன்றும் பேசாமல்
பலகையைத் திருப்பிவைத்தார்.

"மேல படர்ந்த தோலு தானே, உரிச்சு விடுங்க,
பூம்பாறைப் பூண்டு மாதிரி."
"தோலு நல்லாத்தான் இருக்கு அண்ணே.
உள்ள பல்லுதான் பழுத்துப்போச்சு.
அதை உடைச்சு உறிஞ்சி எடுத்துட்டு
அதே தோலுக்குள்ள புதுப் பல்லு வைப்பேன்."
"சொட்டு மருந்து?"
"பழுத்தது திரும்பக் காயாகுமா?"

வேனில் பதினான்கு பேர் வத்தலகுண்டு இறங்கினோம்.
புருவத்துக்கு மேலே பேனாவால் ஒரு குறி.
எந்தக் கண் என்று
எனக்கே சந்தேகம் வந்துவிடக் கூடாதாம்.

முகத்தை மூடிய பச்சைத் துணியில்
ஒரு கண் அளவுக்கு ஓட்டை.
வலி இல்லை. தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.
வெளிச்சம் மட்டும்,
குளத்தடியில் படுத்துப் பார்க்கும் விளக்குபோல
நெளிந்தது, உடைந்தது, கூடியது.
எங்கேயோ ஒரு மெஷின் விட்டுவிட்டு விசிலடித்தது.
இருபத்தாறு வருஷத்தில்
விசில் என் வாயில் இல்லாத வண்டி அதுதான்.
ரெண்டு விசில் வந்தால் போகலாம் என்று
அசையாமல் கிடந்தேன்.

காலையில் கட்டைப் பிரித்ததும்
நர்சின் அட்டை, அதன் ஓரத்து அழுக்கு,
பிறகு சுவர்.
சுவர் அவ்வளவு வெள்ளையாய் இருப்பது
கொஞ்சம் மரியாதையில்லாமல் பட்டது.

இடது கண்ணை மூடினால் உலகம் நீலம்.
வலதை மூடினால் யாரோ டீ ஊற்றிய உலகம்.
பஸ் ஸ்டாண்டில் மாற்றி மாற்றி மூடிப் பார்த்தேன்.
கண்ணடிக்கிறான் என்று ஒரு பெண்
செருப்பைப் பார்த்தாள்.
அந்தச் செருப்பின் வாரும் நீலம்.

தலைக்கு ஊற்றாதே, குனியாதே, மூட்டை தூக்காதே.
மணி வைத்துச் சொட்டு விட்டாள் மனைவி.
ஒரு மாதம் கழித்து வண்டி ஏறினேன்.

பூம்பாறையில் குழந்தையம்மாக்கா
மூட்டையை உள்ளே தள்ளிவிட்டு நீட்டினார்,
"அம்பது குடுத்திருக்கேன்."
பின்னாலிருந்து ஒருவர், "இது நூறுங்க."
"இருநூறு, பாத்து வாங்கு."
ஏறியவர்கள் எல்லாரும், உரக்க.

இந்தச் சத்தம் புதிதில்லை.
போன ஆடியிலிருந்தே கேட்கிறேன்.
என்னை நம்பாத சத்தம் என்று
எத்தனை தடவை எரிந்து விழுந்திருக்கிறேன்,
"தெரியுது, தெரியுது, உள்ள போ."

அம்பது நீலமாய்த்தான் இருந்தது கையில்.
நீட்டிய விரலில் ஒட்டியிருந்த
பூண்டுத் தோல்கூடத் தெரிந்தது.
சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.
இடது கண் இன்னும் பாக்கி இருக்கிறது.

"அம்பது, சரிக்கா" என்றேன் நானும் உரக்க.
மீதியை எண்ணிக் கொடுத்துவிட்டு
விசிலடித்தேன்,
ரெண்டு.